ஹால்வர்சன் தொடையில் தட்டினால்

ஜூலை 29, ஞாயிறு

இன்றைய பயிற்சியிலும் ஹால்வர்சன் என் பக்கம் ஒரு பந்துகூட வீசவில்லை. டொலீடோ வெயிலில் நாய் மாதிரி ஓடியதுதான் மிச்சம். என்னை மறிக்க வந்தவனை ஏமாற்றிவிட்டு, ஆளே இல்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஹால்வர்சன் துரை என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, மூன்று பேர் சூழ்ந்து நின்ற புதுப் பையன் கியான்ட்ரேவுக்கு வீசினார்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் அவன்தான். பந்து அவன் கையில். அவன் வீசினால்தான் நான் பந்தைப் பிடிக்கிற ரிசீவர். வீசாவிட்டால் வெறும் ஓட்டக்காரன். அதுவும் முப்பத்திரண்டு வயது ஓட்டக்காரன். ஆகஸ்ட் கடைசியில் பட்டியலைக் குறைப்பார்கள், பாதிக்குப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். பந்தே தொடாத ரிசீவரை எவன் வைத்துக்கொள்வான்? அவனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் செய்கிறான்.

ஆகஸ்ட் 2, வியாழன்

புதிதாக வந்தவர்கள் பழைய ஆட்களின் தோள்கவசங்களை மைதானத்திலிருந்து சுமந்துபோக வேண்டும். நானும் ஒரு காலத்தில் சுமந்திருக்கிறேன். இன்று கியான்ட்ரே எல்லோருடையதையும் அள்ளிக்கொண்டு, என்னுடையதை மட்டும் புல்லிலேயே விட்டுவிட்டுப் போனான்.

"டேய், இத யாரு தூக்குவா?"

"செப்டம்பர்ல இங்க இருப்பீங்கன்னா சொல்லுங்க பெருசு, ரெண்டு கையாலயும் தூக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் தப்பில்லை, பையன் நன்றாகத்தான் பேசினான். ஆனால் எல்லோருக்கும் மேலே ஹால்வர்சனின் சிரிப்பு கேட்டது. நானே தூக்கிக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

ஜனவரியில் நடந்ததை எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிறு எரிந்தே சாவேன்.

எனக்கென்று ஒரு ஓட்டம் உண்டு. பன்னிரண்டு கெஜம் நேராக ஓட வேண்டும். என்னை மறிப்பவன் உள்பக்கம் நின்றால் நான் வெளியே திரும்புவேன்; வெளிப்பக்கம் நின்றால் உள்ளே. ஓடுகிறபோதே நான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அங்கே பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக்கும் அதையே பார்த்து அதே முடிவுக்கு வர வேண்டும். பேசிக்கொள்ள நேரம் கிடையாது. நான் திரும்பும் முன்பே பந்து அவன் கையை விட்டுப் போயிருக்கும். நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று வருடமாக அவனுக்குத் தெரியவில்லை.

சீசனின் கடைசி ஆட்டம். மறிப்பவன் உள்பக்கம் நின்றான். கண் இருக்கிற எவனுக்கும் தெரியும்! நான் வெளியே திரும்பினேன். ஹால்வர்சன் உள்ளே வீசினான். பந்து நேராக எதிரியின் நெஞ்சில் போய் விழுந்தது. ஒரு வருட உழைப்பு அங்கேயே முடிந்தது.

நிருபர்கள் முன்னால் ரிசீவர்தான் "என் தப்பு" என்று சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் செய்வது. குவார்ட்டர்பேக்கின் பேர் கெட்டால் அணியே ஆடிப்போகும் என்று ஒரு எண்ணம். சரி, சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அப்புறம் அவன் வந்து தோளில் தட்டுவான், தனியாகவாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று உட்கார்ந்திருந்தேன். அவனோ அடுத்தபடியாக மைக்குக்கு முன்னால் போய் என்ன சொன்னான் தெரியுமா?

"ரோஸ்கோ தப்பான பக்கம் திரும்பிட்டாரு. பரவால்ல, நான் மன்னிச்சிட்டேன்."

மன்னிச்சிட்டானாம். யாருடா நீ என்னை மன்னிக்க?

ஆகஸ்ட் 17, வெள்ளி

வாயை விட்டுவிட்டேன். "ஜனவரி வலி ஆறிடுச்சா?" என்று உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் சும்மாதான் கேட்டாள்.

"நான் எந்தப் பக்கம் திரும்புவேன்னு அவனுக்கு ஒருநாளும் தெரியாது. அந்தப் படத்த மெதுவா ஓட்டிப் பாருங்கம்மா. கண்ணு யாருக்குத் தெரியலன்னு உங்களுக்கே புரியும்" என்றேன்.

சொன்னபோது எவ்வளவு சுகமாக இருந்தது! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டு.

ஆகஸ்ட் 18, சனி

உடைமாற்றும் அறையில் ஒருவனும் முகம் கொடுக்கவில்லை. ஹால்வர்சனின் ஆட்கள் அப்படி இருந்தால் அது வேறு. ஆனால் பெர்க்ஹாஃபுமா! முன்வரிசையில் நின்று ஹால்வர்சனைக் காக்கிற மலை. "அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு ரோஸ்கோ, உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று பிப்ரவரியில் என் வீட்டு அடுப்படியில் நின்று, என் இறைச்சியைத் தின்றுகொண்டே சொன்னவன். இன்று என்னைக் கண்டதும் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

ரிசீவர்களின் பயிற்சியாளர் டாக்கெட் மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது உண்மையாவே இருக்கட்டும்யா. உள்ள நடக்கிறத வெளிய சொல்றவன்கூட எவன் ஒரே அறையில நின்னு குளிப்பான்?"

"அவன் சொன்னானே கோச்? என் பேர அவன் சொன்னானே?"

"அவன் குவார்ட்டர்பேக்" என்றார். பதில் முடிந்தது.

ஆகஸ்ட் 20, திங்கள்

இன்றும் பந்து இல்லை.

ஆகஸ்ட் 30, வியாழன்

கடைசிப் பயிற்சி ஆட்டம். இடம் உறுதியானவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரத்தில் சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருந்தார்கள். என்னை, நாளை மறுநாள் வெட்டுப்பட்டு லாரி ஓட்டப் போகிற பையன்களோடு சேர்த்து இறக்கிவிட்டார்கள். வீசியவன் மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக். பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் வீசினான், கடவுளே, வீசினான்! வந்ததையெல்லாம் பிடித்தேன். ஒன்றை இரண்டு பேர் நடுவில் குதித்துப் பிடித்தபோது இடது சுண்டுவிரல் இடம் மாறியது. நானே இழுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

ஓரத்துக்கு வந்தபோது ஹால்வர்சன் விதையைத் துப்பிவிட்டு, "நல்லாத்தான் ஆடுற ரோஸ்கோ, டிவி ஆஃப் பண்ணின அப்புறம்" என்றான்.

செப்டம்பர் 1, சனி

வெட்டிவிட்டார்கள்.

அலுவலகத்துப் பையன் நடையில் காத்திருந்தான். "கோச் கூப்பிடுறாருங்க. டேப்லெட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாரு." ஆட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கும், அதை எடுத்துவரச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது.

ஹால்வர்சன் கை நீட்டினான். "நல்லா இரு." நான் கை கொடுக்கவில்லை. சாகும்வரை கொடுக்க மாட்டேன்.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் புல் வெட்டினேன். தெருவே உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 26, புதன்

ஏஜென்ட் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் கூட்டத்தில் இருக்கிறானாம்.

என் மனைவி ஷெரீஸ் கேட்டாள்: "பத்து வருஷம் ஆடிட்ட. புதுப் பசங்கள அணிங்க தேர்ந்தெடுக்கிறப்ப எவனும் எடுக்காத ஆளா உள்ள போயி பத்து வருஷம். போதாதா ரோஸ்கோ?"

"என் கால் இன்னும் ஓடுது. அந்தக் குருட்டுப் பய கையால என் ஆட்டம் முடியக் கூடாது."

"அப்ப இது ஆட்டத்துக்கா, அவனுக்கா?"

எழுந்து போனேன். அவள் எப்போதும் இப்படித்தான், புண் எங்கே என்று பார்த்து விரலை வைப்பாள்.

அக்டோபர் 9, செவ்வாய்

லூயிவில் அணி கூப்பிட்டது! கூப்பிட்டது, கூப்பிட்டது! மதியம் விமானம், மாலையில் மருத்துவர், கையெழுத்து. ஹெல்மெட் கொடுத்தார்கள். என் தலைக்குச் சரியாக இருந்தது. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 10, புதன்

காலையில் ரிசீவர்களின் அறையைத் தேடிப் போனேன். வழியிலேயே மடக்கி இன்னொரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஸ்டான்கோவிச். கூடவே எதிரணி ரிசீவர்களை மறிக்கிற பையன்கள், ஆளுக்கொரு பேனாவோடு.

"ஞாயித்துக்கிழம யாரோட ஆட்டம்னு தெரியும்ல?" என்றார்.

டொலீடோ, என்னை வெட்டிய அணி. தெரியாமலா? அதனால்தான் நேற்றுத் தூக்கமே வரவில்லை. அவனுக்கு எதிராக ஆடப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசி நேரத்துல ஹால்வர்சன் கையக் காட்டி ஆட்டத்த மாத்துவானே. அதெல்லாம் சொல்லு."

அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரியாத வழக்கமா இது? அடுத்து யாரோடு ஆட்டமோ அங்கிருந்து துரத்தப்பட்ட ஒருவனைப் பிடித்துவந்து, ஒரு வாரம் சோறு போட்டு, கறந்துவிட்டு அனுப்புவது. எங்கள் அணியிலும் செய்திருக்கிறோம். அப்படி வந்த ஒருவனைப் பார்த்து நானே சிரித்தும் இருக்கிறேன்.

"ஞாயித்துக்கிழம நான் ஆடுவேனா கோச்?"

"பாக்கலாம். மொதல்ல சொல்லு."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். ஹெல்மெட்டின் முகக் கம்பியைத் தொட்டால், ரிசீவர் ஐந்து கெஜத்தில் நின்று திரும்புவான். தொடையில் தட்டினால் நிற்காமல் நேராக ஓடுவான். இடுப்புத் துண்டை இழுத்தால் உள்ளே திரும்புவான். எழுந்து நின்று நடித்தே காட்டினேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மணி நேரம் அந்த அறைக்கு நான்தான் ராஜா.

"இத அவன் மாத்தியிருக்க மாட்டானா?" என்று கேட்டார் ஸ்டான்கோவிச்.

"அவனா? மூணு வருஷமா மாத்தல. உடம்பு வணங்காத பய. புதுசா எதையும் படிக்க மாட்டான். என்கிட்ட எழுதி வாங்கிக்குங்க."

வெட்கமாக இருந்ததா? கொஞ்சம் இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. இனிப்புதான் அதிகம்.

அக்டோபர் 13, சனி

நாளைக்கு ஆடுகிறவர்கள் பட்டியலில் நான் இல்லை. அணியின் சட்டையும் கால்சட்டையுமாக ஓரத்தில் நிற்க வேண்டும். நிற்கிறேன். அவன் விழுவதை இன்னும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நாளை ஸ்டான்கோவிச் ஜெயித்தால் அடுத்த வாரம் எனக்கு ஒரு இடம் தர மாட்டாரா? தருவார். நன்றி என்று ஒன்று இருக்கிறதே.

அக்டோபர் 14, ஞாயிறு

நின்றபடியே எழுதுகிறேன், கிறுக்கலாகத்தான் வரும்.

முதல் கால் பகுதி. ஹால்வர்சன் கோட்டுக்கு வந்தான், எங்கள் ஆட்கள் நிற்பதைப் பார்த்தான், முகக் கம்பியைத் தொட்டான். நான் ஓரத்திலிருந்து "நிக்கப் போறான்! நிக்கப் போறான்!" என்று கத்தினேன். எங்கள் பையன் ஐந்தாவது கெஜத்துக்குப் பாய்ந்தான், பந்தைப் பறித்துவிடலாம் என்று. கியான்ட்ரே நிற்கவே இல்லை. அவனைத் தாண்டி ஓடினான். பின்னால் ஒரு ஈ காக்கை கிடையாது. டச்டவுன், அவர்களுக்கு ஆறு புள்ளி.

ஸ்டான்கோவிச் திரும்பிப் பார்த்தார். "தற்செயலா இருக்கும் கோச்" என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன், சத்தியமாக.

அடுத்த முறை தொடையில் தட்டினான். எங்கள் பையன்கள் எல்லாம் பின்னால் ஓடினார்கள், நேராக வருகிறவனைப் பிடிக்க. கியான்ட்ரே ஐந்து கெஜத்தில் நின்று, திரும்பி, சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த மைதானத்தில் நடக்காத குறையாகப் போனான். எல்லாவற்றையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறான். பழைய சைகைகளை அப்படியே விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறான். உடம்பு வணங்காத பயல் ஒரு வாரம் உட்கார்ந்து அணி முழுவதற்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

பாதி ஆட்டத்துக்கு அப்புறம் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. "ஏன்யா, உன்ன அவங்கதான் அனுப்பி வெச்சாங்களா?" என்று, புதன்கிழமை நான் நடித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்த பையன் ஒருவன் முகத்துக்கு நேராகக் கேட்டான். அவன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

முடிந்ததும் ஹால்வர்சன் மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக என்னிடம் வந்தான். கை நீட்டவில்லை. கேமராக்கள் பார்க்கின்றன என்பதால் முகத்தில் சிரிப்பு.

"எல்லாத்தையும் சொல்லிட்டல்ல?"

நான் விலகி நடந்தேன். கூடவே வந்தான்.

"செவ்வாக்கிழம நீ இங்க கையெழுத்துப் போட்டன்னு கேட்டதும் பெர்க்ஹாஃப் சொன்னான், ரோஸ்கோ அப்படிப்பட்ட ஆளு இல்ல, வாயத் தொறக்க மாட்டான்னு. நான்தான் சொன்னேன், ஒண்ணு விடாம சொல்லுவான்னு. எந்தப் பக்கம் திரும்புவன்னு எனக்கு ஒருநாளும் தெரியலன்னு பேப்பர்ல சொன்னியே ரோஸ்கோ. இந்த வாரம் தெரிஞ்சுதா இல்லியா?"

போய்விட்டான். அடிக்கலாம் போல இருந்தது. எதற்கு அடிப்பது? சரியாகத்தானே பார்த்திருக்கிறான்.

பெர்க்ஹாஃப் எனக்காகப் பேசியிருக்கிறான். அதுதான் இப்போது தாங்கவில்லை. அந்தச் செருப்புக்காரன், அத்தனை பேர் முன்னால், எனக்காக.

அக்டோபர் 16, செவ்வாய்

டேப்லெட்டை எடுத்துவரச் சொன்னார்கள். எனக்கு அவர்கள் டேப்லெட்டே கொடுத்திருக்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, புதன்

ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன். இனி எந்த அணி கேட்டாலும் நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.

"யாரும் கேக்கலையே ரோஸ்கோ" என்றான், பாவம், ஆறுதலாக.

நவம்பர் 22, வியாழன்

நன்றி சொல்லும் பண்டிகை நாள். மொபீல் ஊரில் ஷெரீஸின் அப்பா வீடு. வான்கோழி, சோள ரொட்டி, இருபது பேர், ஒரு தொலைக்காட்சி. டொலீடோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்து உட்கார்ந்ததும் மைத்துனன் லமான்ட் அவசரமாகச் சானலை மாற்றப் போனான்.

"இருக்கட்டும், விடு" என்றேன்.

ஹால்வர்சன் கோட்டுக்கு வந்து கையை என்னவோ செய்தான். அறையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வீட்டிலேயே ஒரு ஆட்டக்காரன் இருப்பதில் அவர்களுக்கு இன்னும் பெருமைதான்.

"அத்தான், இப்ப என்ன செய்யப் போறான்?"

"தெரியாது" என்றேன்.

லமான்ட் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். கியான்ட்ரே வெளியே திரும்பினான். அவன் திரும்பும் முன்பே பந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. நல்ல வீச்சு. ஷெரீஸ் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.