குவிமாடத்தில் உங்கட சொல்லைத் தட்டினேன்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பத்திரிகையில் எல்லாரும் வாசிக்கப்போகிற கடிதம் என்றாலும் இப்படித்தான் தொடங்க வருகிறது. நானும் மகள் வசந்தியும் புளோரன்ஸ் போய் வந்தோம். மெல்பேர்ண் திரும்பி இரண்டு மாதமாகிறது.

லண்டனில் தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழியில் நாலு நாள் அங்கே நின்றோம். நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட ஊர் என்பதால்தான் வசந்தி என்னோடு வரவே சம்மதித்தாள். கொழும்பில் இஞ்சினியராக இருந்துவிட்டு இங்கே கட்டடப் படம் கீறுகிற வேலை செய்த மனுசன், அந்த ஊர்ப் பெரிய தேவாலயக் குவிமாடத்தின் படத்தைக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்து, கீழே முட்டுக்கொடுக்காமல் இதை எப்படிக் கட்டினார்கள் என்று சோறு ஆற ஆறக் கதைப்பீர்களே.

ஊர் நான் நினைத்த மாதிரி இல்லை. தெருக்கள் ஒடுக்கம், மோட்டார் சைக்கிள் சத்தம். கோப்பியை நின்றபடியே குடிக்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டுச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு. பத்து வருசத்துக்கு முந்தி, அறுபத்தாறில், ஆறு பெருகியபோது தண்ணீர் நின்ற உயரமாம். வீட்டுக்காரி கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டப் போய்விட்டா. தேவாலயத் தரையெல்லாம் கல்லறை, அவற்றின் மேலேயே நடக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டேன். வசந்தி தன்பாட்டுக்கு முன்னாலே நடந்தாள்.

நீங்கள் போன நாளிலிருந்து அவளுக்கு என்னோடு தேவைக்குத்தான் கதை. சிட்னியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பரீட்சை முடியும்வரை உங்கள் இதய வருத்தத்தைச் சொல்லவேண்டாம் என்றது நீங்கள். கடைசிப் பரீட்சைக்கு நாலு நாள் முந்திப் போனதும் நீங்கள். அதை அவள் அடுத்த வருசம்தான் எழுதினாள். ஏன் மறைத்தேன் என்று அவள் கேட்டபோது, எல்லாம் என் முடிவு என்றேன். செத்த தகப்பன்மேல் பிள்ளைக்குக் கோபம் வரக்கூடாது என்று நினைத்தேன். அது சரியா?

மூன்றாம் நாள் குவிமாடம் ஏறினோம். நானூறுக்கும் மேலே படி. இரண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் போகிற வழிதான். சேலைக்கு மேலே கோட்டும் போட்டிருந்தேன். பாதி தாண்டியதும் தலை சுற்றி, ஏறவும் ஏலாமல் இறங்கவும் ஏலாமல் படியிலேயே இருந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எங்களை உரசிக்கொண்டு கடந்து போனார்கள். வசந்தி எனக்குக் கீழ்ப்படியில் இருந்து, சுவர்ச் செங்கல்லைத் தடவினாள்.

"அப்பா இதைப் பாத்திருக்க வேணும்."

இரண்டு வருசத்தில் அவளாகத் தொடங்கிய முதல் பேச்சு. என்னால் அடக்க முடியவில்லை.

"அவர்தான் உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவர், பிள்ளை. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

பிறகு ஏன் பழியை நான் எடுத்தேன் என்று கேட்டாள். நீ அவரைக் கோபிக்கக் கூடாது என்றுதான் என்றேன்.

"இப்ப எனக்கு அவரிலை கோவம்தான், அம்மா" என்று சொல்லிவிட்டு, என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். டொக்டர் என்ன சொன்னார், எந்த நாள், நீங்கள் பயந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓம், பயந்தவர் என்றேன். அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஆறு, சேலையைப் பிடித்து இழுக்கிற காற்று. நல்ல ஊர்தான். நீங்கள் இல்லாமல் பார்த்தது எனக்கு ஆற்றாமைதான்.

இப்போது ஞாயிறு தவறாமல் சிட்னியிலிருந்து போன் எடுக்கிறாள். சில கிழமை உங்களை நன்றாக ஏசுவாள். நான் உங்களுக்காக வாதாடுவதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும்.

உங்களுக்குத் தந்த வாக்கை நான் மீறினேன். அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன். எனக்கு ஒரு நோய் வருத்தம் வந்தால் முதலில் அறியப்போகிறவள் வசந்திதான், அவளுக்கு எந்தப் பரீட்சை இருந்தாலும்.

உங்கட மனுசி,
சிவமணி