அம்மாவின் ஆஸ்பத்திரி வண்டியும் நான் கொடுத்த அல்வாவும்

தென்காசி
ஆடி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நிவேதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவள் வாங்கியிருக்கும் வண்டியும் நலம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்கக் குற்றாலநாதரை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் என் பங்கில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதை உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்பது உன் அம்மாவின் உத்தரவு. போனில் சொல்லச் சொன்னால் நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவேனாம், அதனால் கடிதம். ஆனால் முதலில் வண்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதில்லாமல் இது விளங்காது.

கிராம நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் வீட்டில் கொஞ்ச நாள் உட்காருவாள் என்று நினைத்தேன், அது நடக்கவில்லை. பஸ் போகாத ஊர்க்காரர்கள் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அதனால் ஆஸ்பத்திரியே அவர்கள் வாசலுக்குப் போகவேண்டும் என்று, ரிட்டயரான டாக்டர் பால்வண்ணநாதனையும் சேர்த்துக்கொண்டு, செங்கோட்டையில் ஒரு பழைய வேனைப் பிடித்துவிட்டாள். முன்பு பேக்கரிக்கு ஓடிய வண்டி, எத்தனை முறை டெட்டால் போட்டுக் கழுவினாலும் பப்ஸ் வாசனை போகவில்லை. டிரைவர் நான்தான். முப்பத்து நாலு வருஷம் அரசு பஸ் ஓட்டிய கால் அல்லவா, நிறுத்தத்தில் ஆள் நின்றால் அதுவாகவே பிரேக்கை மிதித்துவிடுகிறது. வெள்ளோட்டத்தன்று இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஆலங்குளத்துக்கு டிக்கெட் கேட்டார்கள். உன் அம்மா அவர்களுக்கு பிரஷர் பார்த்து இறக்கிவிட்டாள்.

ஆடி பிறப்பதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் ஒரு புதன்கிழமையும் பஸ் போகாத ஓர் ஊரும் குறித்தோம். முதல் நாளே சனங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் பிறகு ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று உன் அம்மாவுக்கு ஒரே கவலை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திறப்பு விழா என்றால் வாய்க்கு இனிப்பு கொடுக்காமல் எப்படி என்று நான் அவளிடம் கேட்காமலே ஒரு சட்டி கோதுமை அல்வாவுக்குச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சுடச்சுட வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். நெய் முழங்கை வரை வழிய, விரலைச் சப்பிக்கொண்டே உள்ளே போனார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள்!

முதல் ஆளுக்கு முந்நூறு. அடுத்தவருக்கு முந்நூற்று எண்பது. அதற்கடுத்து வந்த மாரித்தாய் ஆச்சிக்கு மிஷின் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று இங்கிலீஷில் காட்டியது, தன்னால் அளக்க முடியாத உயரம் என்று அர்த்தமாம். ஏட்டி, சீனியே வாங்காத வீட்டுல எனக்கு எப்படி சர்க்கர வரும், உன் மிஷினுக்குத்தான் சீக்கு, என்று ஆச்சி போட்ட சத்தத்தில் வரிசை கலைந்துவிட்டது. ஊருக்கே வியாதி ஏத்துற வண்டி வந்திருக்கு என்று ஒருவர் சொல்ல, பாதிப் பேர் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். உன் அம்மா முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் டாக்டர் வெளியே வந்து என் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். அண்ணாச்சி, நீங்க நல்லா இருப்பீயளா, என்று மட்டும் கேட்டார். குத்துமுன் விரலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சுக்கு அல்வா போகாதாம், விரலில் ஒட்டிய இனிப்பையும் சேர்த்தே மிஷின் எண்ணிவிடுமாம்.

போனவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, சோப்புப் போட்டுக் கழுவவைத்து மறுபடி பார்த்தார்கள், மளமளவென்று இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். நம்பிக்கையை முழுசாக மீட்க வேண்டும் என்று நான் பெரிய வீரன் மாதிரி, எனக்கும் பாருங்கள், ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்று கையை மூன்று தடவை கழுவிவிட்டு நீட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று உன் அம்மா அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மறுநாள் வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பத்தெட்டு. அதன் பிறகு மறைக்க முடியவில்லை மகளே, வலது பாதம் ஆறு மாதமாகவே மரத்துக் கிடக்கிறது, செருப்பு கழன்றுபோனது தெரியாமல் சந்தை வரைக்கும் நடந்திருக்கிறேன். வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்லப் பயமாயிருந்தது. நோய் வந்தால் சாவியை வாங்கிவிடுவார்களே என்ற பயம்தான்.

வாங்கிவிட்டாள். திட்டவே இல்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். ஊருல உள்ள சீக்கையெல்லாம் வீடு வீடாத் தேடிப் போனேன், பக்கத்துல படுத்திருக்க மனுசனப் பாக்காம விட்டுட்டனே, என்றாள். 

இப்போது வண்டியை நம்ம தெருப் பையன் செந்தில்வேல் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்துக்கொண்டே வருகிறேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், பாதத்தைத் தினமும் உன் அம்மாவே பார்க்கிறாள், நீ பதறவேண்டாம். மாப்பிள்ளைக்கும் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடு, என்னைப்போல ஒன்றும் சொல்லாமல் இருக்கும் ஆளை நம்பாதே. குளிரில் காதை மூடிக்கொள். வரும்போது சாக்லேட் வேண்டாம் என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

போன புதன்கிழமை அதே ஊருக்குப் போனோம். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டே இறங்கினால், குழாயடியில் கை கழுவிவிட்டு நாற்பது பேர் நிற்கிறார்கள். கட்டுன புருசனுக்கே சர்க்கர இருக்குன்னு ஒளிக்காமச் சொன்னவ நமக்கா பொய் சொல்லுவா, என்று மாரித்தாய் ஆச்சிதான் எல்லோரையும் கூட்டி வந்தாளாம். உன் அம்மா புது நோட்டைத் திறந்து ஆட்களைப் பதியத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன், முதல் பெயராக என் பெயரை எழுதியிருந்தாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா சங்கரபாண்டி,
உன் அம்மா வண்டியின் போணி.