கணப்பருகே தாவிய குறி

நண்பரே,

இன்று செண்பகனூரில் ஒரு கூட்டம். மேடையின் பின்புறம் கணப்புச் சட்டியில் தைலமரக் கரி மூட்டியிருந்தார்கள். அந்த மணம் எழுந்ததும், பேசவேண்டிய பொருள் சற்றே விலகிக்கொண்டது. உங்கள் வீட்டு முன்னறை கண்முன் வந்தது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. பக்கவாதம் உங்கள் வலக்கையைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. நம் மலையூர்க் கடைத்தெருவில் கம்பளித் துணிக்கடை நடத்தியவர் நீங்கள். கத்தரி பிடிக்கும் கை அது. சுற்றுலாக் கூட்டம் வரும் கோடைப் பருவம் தொடங்குமுன் கை நிலைக்காவிட்டால் கடைச் சாவியை மருமகனிடம் கொடுத்துவிடுவதென்று நீங்களே கெடு வைத்துக்கொண்டீர்கள்.

துபாயிலிருந்த இளைய மகள், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தாள். கைக்கு நல்லதென்று மருத்துவரும் சொன்னார். வெண்ணிறக் கைக்கோலைத் தொலைக்காட்சியை நோக்கி நீட்டி, திரையில் மிதக்கும் பலூன்களைக் குறிபார்த்துச் சுடவேண்டும். காலையில் திரையிலிருந்த குறி உங்கள் சொல்லுக்கு அடங்கி நின்றது. மாலையில் வெட்டுக்கிளியாகத் தாவியது.

"பாத்தீங்களாண்ணே, பொழுது சாஞ்சா கை செத்துப்போகுது. சாவியக் குடுத்துற வேண்டியதுதான்."

"மின்கலத்தை மாற்றிப் பார்ப்போமே" என்றேன்.

"பேட்டரின்னு சொல்லுங்க. மேடையில உங்க தமிழக் கேட்டுக்கிட்டு மைக்கு சும்மா கெடக்கும். இது கெடக்காது."

மாற்றினோம், பயனில்லை. அந்தப் பெட்டியோடு வந்து, தொலைக்காட்சியின் அடியில் வைத்திருந்த மெல்லிய பட்டையைத் துடைத்தோம். நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தினோம். சன்னல் திரையை இழுத்து மூடினோம். குறி தாவிக்கொண்டேயிருந்தது.

இத்தனைக்கும் அந்தக் கோலை உங்களைத் தவிர வேறெவரும் திரையை நோக்கிப் பிடித்ததில்லை. உங்கள் துணைவியார் அதை மருந்தாகவே நடத்தினார். மாத்திரைப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வைத்தார். பேரப்பிள்ளைகள் கேட்டால், "ஏலே, அது மருந்துடா. ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் திங்கலாமா?" என்று விரட்டுவார். நானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே அமர்ந்திருந்தேன்.

ஒரு மாலை, சலித்துப்போய்க் கோலை என் மடியில் எறிந்தீர்கள். "இந்தாங்க, நீங்க சுடுங்க பாப்போம். மேடையேறுனா ஊரையே சுடுறவராச்சே."

நெடுநேரம் விரல் உயர்த்திப் பேசியும் நடுங்காத கை என்னுடையது. அந்தக் கையை நீட்டினேன். குறி அதே வெட்டுக்கிளியாகத் தாவியது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். திரையைப் பார்த்தீர்கள். பிறகு, நோயுற்ற நாள்முதல் நான் கேட்டிராத சிரிப்பொன்று வந்தது. "என்னண்ணே, உங்களுக்கும் இழுத்துக்கிச்சா?"

கையில் பிழையில்லையெனில் மாலையில்தான் ஏதோ பிழை. மாலையில் அந்த அறையில் புதிதாக வருவது என்ன? மூடுபனியாக மஞ்சு இறங்கியதும் துணைவியார் கணப்பு மூட்டுவார். உங்கள் கைக்கு நேரே சூடு படவேண்டுமென்று அதைத் தொலைக்காட்சியின் அடியிலேயே வைப்பார். அந்தப் பட்டையின் இரு முனைகளிலிருந்தும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி வருகிறது. அவ்விரு புள்ளிகளைக் கண்டே கோல் தன் திசையை அறிகிறது. கனன்றுகொண்டிருக்கும் கரியும் அதே ஒளியைத்தான் உமிழ்கிறது. எதை நம்புவதென்று தெரியாமல் கோல் தடுமாறியிருக்கிறது. நெருப்பை அருகில் வைக்காதீர்கள் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள்தான். குளிர் காய்வதைத் தொலைக்காட்சியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க நம் மூவருக்குமே தோன்றவில்லை.

"கை வெறைச்சுறக் கூடாதுன்னுதானே அங்கன வச்சேன்" என்று துணைவியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விடும்மா. அது என்னைய விட்டுட்டு நீ வச்ச தீயப் பாத்துக்கிட்டு நின்னுருக்கு. வெரசா எடுத்து என் முதுகுக்குப் பின்னால வை."

வைத்தார். தாவல் நின்றது. ஆனால் குறி அசையாமல் நிற்கவில்லை. மெல்லிய நடுக்கம் ஒன்று, திரையின் நடுவே, மிச்சமிருந்தது. அதை மறைக்க ஏதாவது பேச நினைத்து வாயெடுத்தேன். நீங்கள் கையமர்த்தினீர்கள். வெகுநேரம் அதையே பார்த்திருந்தீர்கள்.

"இருக்கட்டும்ண்ணே. இப்ப ஆடுறது மட்டுந்தான் என்னுது. இம்புட்டுத்தானா?"

மறுநாள் வெள்ளனே கடை திறந்தீர்கள். துணியின்மேல் இரும்பு அளவுகோலை அழுத்தி, அதன் விளிம்போடு கத்தரியை ஓட்டினீர்கள். வெட்டு நேராக வந்தது. அந்தக் கோடைப் பருவமும் அதன்பின் பலவும் சாவி உங்கள் இடுப்பிலேயே கிடந்தது. உங்களுக்கு இறுதி வந்தபோது அது கையின் வழியாக வரவில்லை.

அண்மைக்காலமாக என் கையும் ஆடுகிறது. குளிரா, பசியா, முதுமையா என்று பிறர் பேசுமுன் நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். போர்வை போர்த்துகிறேன்; உண்கிறேன்; சற்று அமர்கிறேன். அதன்பின்னும் எஞ்சுவதை மட்டும் எனதென்று ஏற்கிறேன். அது சிறிதுதான். அந்தக் கையையே உயர்த்திப் பேசத் தொடங்குகிறேன்.