மாடிப்படியும் பிரேக் டிரம்மும்

9.1.1983, ஞாயிறு

பூசைக்குப் புறப்பட்டோம். படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஸ்ட்ரோக் வந்து கெர்ட்ரூட்டுக்கு வலது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து அவள் மாடியை விட்டு இறங்கவே இல்லை. நாங்கள் இருப்பது கடைவீட்டு மேல்மாடி. படியோ ஏணி மாதிரி செங்குத்து. என் பெண்டாட்டியை நான் தூக்கமாட்டேனா என்று இரண்டு கையாலும் அள்ளினேன். நாலைந்து படிதான், முழங்கால் ஆட ஆரம்பித்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தேன். அவள் என் மடியில். பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காமல் மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்த புதுப்பெண் மாதிரி. கீழே கோப்பிக்கடை வைத்திருக்கும் ஆ செங்கும் அவன் தம்பியும் ஓடிவந்து அவளைத் தூக்கி மேலே கொண்டுபோய் விட்டார்கள்.

மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ரோசரி கல்யாணத்துக்கு நான் வரலை. நாலு ஆம்பளைங்க தூக்கிட்டுப் போக நான் என்ன சவப்பெட்டியா?"

கல்யாணம் ஆகஸ்டில். ஒரே மகள். அம்மா இல்லாமல் கோயிலுக்குள் எப்படிப் போவாள் அந்தப் பிள்ளை?

"நான் தூக்கினா?" என்றேன்.

என் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க தூக்கினா வாரேன்."

16.1.1983, ஞாயிறு

பஸ் பட்டறையில் ஆம்புரோஸ் மெக்கானிக். நான் ஸ்டோர்காரன்: முக்காலியில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். தொப்பை அப்படி வந்ததுதான்.

"வேர்வை போனா கொழுப்பு போச்சு மச்சான், அவ்ளோதான்லா" என்றான் ஆம்புரோஸ். உரப் பை பிளாஸ்டிக்கைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு பாடாங் திடலைச் சுற்றி ஓடினேன். சரசரவென்று சத்தம். ஒரு நாய் எழுந்து வழிவிட்டது. பஸ் நிலையத்துப் பார்சல் தராசில் ஏறினால் இரண்டு கிலோ குறைச்சல்! அந்தச் சந்தோஷத்தில் மூன்று கிளாஸ் பண்டோங் ரோஸ்பால் குடித்தேன். வீட்டுக்குப் போகுமுன் மறுபடி ஏறிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ரோசரி நர்ஸ். சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. "அப்பா, போனது தண்ணி. கொழுப்பு எங்கயும் போகல, உங்க கூடவேதான் ஓடியிருக்கு."

22.1.1983, சனி

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ரோசரி கேட்டு வந்திருக்கிறாள். தூக்க வேண்டுமென்றால் தூக்கித்தான் பழக வேண்டுமாம், ஓடி அல்ல. கொஞ்சம் கனம், சில தடவை. சுலபமானதும் கனத்தைக் கொஞ்சம் கூட்டு. நடுவில் ஓய்வு, சதை வளர்வது ஓய்வில்தானாம். (இந்த ஒரு பாடத்தில் நான் எப்போதோ பாஸ்.) சோறு ஒரு கரண்டி குறை, முட்டை, மீன், பருப்பைக் கூட்டு.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்கப்பா. அப்புறம் எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அது எனக்கு உடனே புரிந்தது. பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஆம்புரோஸ் ஸ்டார்ட்டர், பேட்டரி, வயர் மூன்றையும் மாற்றிவிட்டு, "பார்த்தியா!" என்பான்.

தண்ணீர்க் குழாய் ஒன்று, பட்டறை வேனின் தேய்ந்த பிரேக் டிரம் பக்கத்துக்கு ஒன்று. தூக்கிப் பழகப் பளு கட்டிவிட்டேன். ஃபோர்மன் ஐயாவு எட்டிப் பார்த்தார். "என்ன சவரி, ஸ்டோருக்குள்ள தனியா பஸ் கட்டுறியா?"

6.2.1983, ஞாயிறு

கெர்ட்ரூட்டுக்கும் பாடம் வந்துவிட்டது. எழச் சுலபமாக நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக உட்கார வேண்டும், ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். "உங்களுக்கு இரும்பு, எனக்குப் பஞ்சா?" என்று முறைத்தாள். ஆனாலும் செய்கிறாள். எழும்போது முகம் சிவக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

16.2.1983, சாம்பல் புதன்

தவக்காலம் முடியும் வரை இறைச்சி, மீன், முட்டை கிடையாது. சோறும் பாதிதான். ஆண்டவருக்கும் ஆச்சு, தொப்பைக்கும் ஆச்சு. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஊர்.

13.3.1983, ஞாயிறு

சிலுவார் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. தராசு இறங்கிக்கொண்டே இருக்கிறது. பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் குழாய்? போன மாதம் சும்மா எழும்பினது, இப்போது தரையை விட்டு வர மாட்டேன் என்கிறது. என்னடா இது? எடை போச்சு சரி, போனது எது?

"சதையும் சேர்ந்து போகுதுப்பா" என்றாள் ரோசரி. "அரை வயிறு சோறும் ரசமும் குடிச்சா சதை எதுல வளரும்?"

அப்போ விரதத்தை முறிக்கணுமா? ஆண்டவர்கிட்ட சொன்ன வார்த்தை என்ன ஆகுறது? என்னால முடியாது. அவளைத் தூக்கவும் முடியாது. ரெண்டும் இல்லாம என்னதான் செய்யப்போறேன் நான் என்று வாய்விட்டே புலம்பினேன்.

கெர்ட்ரூட் நாற்காலியிலிருந்தே சொன்னாள்: "பருப்பு, சோயாத் தெம்பே, கச்சான் கடலை எல்லாம் எப்பங்க ஞானஸ்நானம் வாங்கி மீனாச்சு? அதை யாரு வேணாம்னது? சும்மா சோத்தைத் தின்னுட்டு அழுறீங்க. விடணும்னா தேத்தண்ணில ஊத்துற அந்த டின் பாலை விடுங்க. அதான் உங்களுக்கு நெசமான தவம்."

டின் பால்! ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று நான் எண்ணியதே இல்லை. பால்தானே, தெம்பு என்று நினைத்திருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால்கூட அதைத்தானே கரைத்துக் கொடுப்பார்கள்.

14.3.1983

பாலில்லாத தேத்தண்ணி. ஐயோ.

3.4.1983, உயிர்ப்புத் திருநாள்

கோழி. மேலே எழுத நேரமில்லை.

29.5.1983, ஞாயிறு

தராசு ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது. பழைய சவரிநாதன் என்றால் இந்நேரம் உரப் பையைத் தேடியிருப்பான். ஆனால் தையல் டேப்பில் இடுப்பு இன்னும் சுருங்கியிருக்கிறது. குழாயில் டிரம் இரண்டு கூடியிருக்கிறது. கொழுப்பு இறங்கி, சதை ஏறுகிறது என்றாள் ரோசரி. ஆம்புரோஸ் என் புஜத்தைத் தொட்டுப் பார்த்து, "என்ன மாத்திரைலா சாப்பிடுறே?" என்றான். பருப்பு என்றால் நம்ப மறுக்கிறான்.

10.7.1983, ஞாயிறு

தூக்கிவிட்டேன்! கூடத்தை முழுக்க ஒரு சுற்று சுற்றினேன். "இறக்குங்க, ஆ செங் பார்க்கப் போறான்" என்று முதுகில் அடித்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

இறக்கி நாற்காலியில் வைக்கும்போதுதான் கவனித்தேன். தலையணை இரண்டும் இல்லை. "எப்ப எடுத்தே?" என்றேன். "ஒன்னு பெரிய வெள்ளிக்கு. இன்னொன்னு போன மாசம். சுலபமானா கூட்டணும்னு உங்களுக்கு மட்டுமா சொன்னாங்க?"

27.8.1983, சனி

காலையில் புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுப் படியின் தலைமாட்டில் போய் நின்றேன், பளு தூக்கும் வீரன் மாதிரி. கெர்ட்ரூட் ஊதாப் பட்டுச் சேலையில் கைத்தடியை ஊன்றி நடந்து வந்தாள்.

"தள்ளி நில்லுங்க."

"என்ன?"

"எனக்கு முன்னால இறங்குங்க. தொடக்கூடாது."

நான் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவன் மாதிரி. அவள் கைப்பிடியைப் பிடித்து, கெட்ட கால், நல்ல கால், கெட்ட கால். பாதியில் கால் நடுங்கியது. என் கை தானாகப் போனது. "வேணாம்" என்றாள். மூச்சு வாங்கி நின்றாள். கீழே ரோசரி கல்யாண உடையோடு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி, கெட்ட கால், நல்ல கால்... கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் செருப்பு பட்டதும் ஆ செங் கரண்டியால் டின்னைத் தட்டினான்.

கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளைப் பார்த்தாளா, தன் காலைப் பார்த்தாளா, தெரியவில்லை. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணில் என்னவோ.

விருந்து முடிந்து சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் படியை அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கினது என் வேலை. ஏத்துறது உங்க வேலை."

ஏற்றினேன். நடுவில் எங்கேயும் உட்காரவில்லை.

29.8.1983, திங்கள்

"கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே மச்சான், அந்த டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுறலாமா?" என்றான் ஆம்புரோஸ்.

"வைலா அங்க. ஞாயிறு பூசை வாரா வாரம் வருது."