அக்காவின் பெயருக்கு நேரே

ரீகா
5 மே 1990

அன்புத் தங்கை அவுஸ்மாவுக்கு,

நேற்று சபையில் உறுப்பினர்கள் நாங்கள் வாக்களித்துவிட்டோம். சோவியத்திலிருந்து விலகி லாட்வியா மறுபடியும் தனி நாடாகும் என்ற தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெளியே வந்தால் வழிநெடுக இரண்டு பக்கமும் ஜனங்கள் பூவோடு நிற்கிறார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள்தானே, இதற்கெல்லாம் எனக்கு என்ன யோக்கியதை என்று கூச்சமாகிவிட்டது.

வாதிம் என்ன சொன்னார்? சோவியத் கடற்படைச் சீருடையோடு உன் சமையலறையில் உட்கார்ந்து அவர் இந்தச் செய்தியைக் கேட்டிருப்பார். அதை நினைத்தால்தான் மனம் ஒரு மாதிரி இருக்கிறது. இது அவருக்கு எதிரான வாக்கு இல்லை என்று சொல்.

உன் அக்கா
ஸிக்ரீதா


லியெபாயா
2 பிப்ரவரி 1991

அக்கா,

தெருவில் லாரிகளையும் மரக்கட்டைகளையும் குறுக்கே போட்டு, பக்கத்தில் தீ மூட்டி, சோவியத் ராணுவம் எப்போது வரும் என்று நீங்களெல்லாம் காத்துக் கிடந்தபோது ஒரு வரி எழுதவில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். என்ன எழுதுவேன்? அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் என் புருஷன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த வாரம் ஒரு நாள் காலையில் வாதிம் சீருடையை மாட்டவே இல்லை. ரீகாவுக்கு ஆட்கள் வேண்டுமென்று பேச்சு அடிபட்டதாம். இவர் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"உங்க அக்கா நிக்கிற தெருவுல நான் துப்பாக்கியோட போய் நின்னுட்டு, அப்புறம் ஈஸ்டருக்கு அவங்க வீட்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பண்டிகை முட்டைய மோதி உடைக்கிறது?" என்றார்.

உத்தரவு கடைசிவரை வரவில்லை. ஆனால் படுத்துக்கொண்ட ஆள் என்ற பெயர் மட்டும் அவருக்கு நிலைத்துவிட்டது. மேலதிகாரிகள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் அதைச் சொல்லிக்கொள்வதுமில்லை.

அவுஸ்மா


லியெபாயா
16 மே 1994

அன்புள்ள அக்கா,

நலம்தானே? உன்னைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். இளைத்திருக்கிறாய்.

உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். படை விலகுவதற்கு ரஷ்யாவோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு தேதி போட்டிருக்கிறார்களே, அதற்கு முன்னால் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இங்கேயே இருக்கலாம், பின்னால் பெற்றவர்கள் கோடை முடிவதற்குள் ரஷ்யாவுக்குப் போய்விட வேண்டும் என்று. வாதிம் சில வாரங்கள் பிந்திவிட்டார். அவருக்கு இதயம் சரியில்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே அவருக்கென்று ஒருவரும் இல்லை.

குடியேற்ற அலுவலகத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்கு லாட்விய பாஸ்போர்ட் இருக்கிறது, நீ இங்கேயே இரு என்கிறார் வாதிம். இருக்கிற ஆளா நான்?

அவுஸ்மா


ரீகா
25 மே 1994

அன்பு அவுஸ்மா,

இதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ரஷ்யப் படை அதிகாரிகளின் மனைவிமார் என் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒருத்திக்கு மாமியார் படுக்கையில், ஒருத்திக்குக் கைக்குழந்தை. எல்லோரிடமும் முடியாது என்றுதான் சொல்கிறேன். இந்தப் படை போக வேண்டும் என்று சபையில் வாதாடியவளே நான். என் தங்கை புருஷனுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, மறுநாள் அந்தப் பெண்களின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தெருவில் தடுப்புப் போட்ட அந்த ஜனவரியில் அவர் செய்ததைச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டவளின் அக்கா என்று பத்திரிகையில் எழுத ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் கிளம்பும் நாளில் ரயிலடிக்குக் கட்டாயம் வருவேன்.

ஸிக்ரீதா


ப்ஸ்கோவ், ரஷ்யா
3 ஏப்ரல் 1995

ஸிக்ரீதா,

வாதிம் போய்விட்டார். கிடங்கில் காவல் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி. இங்கேதான் அடக்கம் செய்தோம். மண் இன்னும் உறைந்து கிடந்ததால் குழி தோண்ட வெகுநேரம் ஆனது.

நாங்கள் கிளம்பிய அன்று நீ ரயிலடிக்கு வரவில்லை. வண்டி நகரும்வரை படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சபையில ஏதாவது ஓட்டெடுப்பு இருக்கும். விடு, அவங்கள ஒண்ணும் சொல்லாத" என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னார்.

இந்த ஊரில் என்னை லாட்வியாக்காரி என்கிறார்கள். அங்கே இருந்தபோது ரஷ்யன் பெண்டாட்டி.

இரங்கல் எழுதுவதானால் நாடாளுமன்றத் தாளில் எழுதாதே.

அவுஸ்மா


லியெபாயா
12 செப்டம்பர் 1995

என் அவுஸ்மா,

கோடையில் நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

தேர்தல் வேலையாக நம் ஊருக்கு வந்திருக்கிறேன். சந்தையில் யாரும் நின்று பேசுவதில்லை. வங்கி மூடியது, விலைவாசி எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். புகைமீன் விற்கிற பெண் ஒருத்தி, "ஓட்டு வந்தாத்தான் எங்க மீன் வாசனை உங்க மூக்குக்கு எட்டுமோ?" என்று கேட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உன் பழைய வீட்டுப் பக்கம் போனேன். யாரோ புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். மாடியேறாமல் திரும்பிவிட்டேன்.

நீங்கள் கிளம்பிய அன்று சபையில் ஓட்டெடுப்பு எதுவும் இல்லை, அவுஸ்மா. ரயிலடிவரை வந்தேன். வாசலில் புகைப்படக்காரர்கள் நின்றார்கள். திரும்பிவிட்டேன்.

ஊருக்கு வந்துவிடேன்.

ஸிக்ரீதா


லியெபாயா
9 அக்டோபர் 1995

அக்கா,

தபால்முத்திரையைப் பார்த்துத் திகைத்திருப்பாய். நான் வந்து மூன்று வாரமாகிறது. துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை எடுத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது.

தேர்தலன்று போய் வாக்களித்தேன். எந்தக் கட்சிக்கு என்று யோசிக்கவே இல்லை, உன் கட்சிப் பட்டியலைத்தான் எடுத்தேன். இந்த நாடு நாடாக இருக்க வேண்டும் என்று நீ வாக்களித்தது தப்பு என்று வாதிமும் ஒரு நாளும் சொன்னதில்லை. பட்டியலில் பிடித்தவர் பெயருக்கு நேரே கூட்டல் குறி போடலாம், வேண்டாதவரை அடித்துவிடலாம், அதிகம் அடிபட்டவர் பட்டியலில் கீழே போய்விடுவார் என்று வாக்குச்சாவடி மேசையில் இருந்த பெண் எடுத்துச் சொன்னாள்.

உன் பெயரை அடித்தேன். ஒரே கோடு.

உன் கட்சி ஜெயித்தும் நீ இடம் இழந்ததை வானொலியில் கேட்டேன். உன் பெயரை நிறையப் பேர் அடித்திருக்கிறார்கள் என்றார்கள். அதில் ஒன்று என்னுடையது என்பதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். ரயிலடி வாசலைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைக் கிளம்புகிற அன்றுதான் படித்தேன். படித்த பிறகும்தான் அடித்தேன்.

அந்த நாடாளுமன்ற உறுப்பினரிடம் எனக்கு இருந்த வழக்கு அதோடு முடிந்தது. அக்காவிடம் இருக்கிற வழக்கு முடியவில்லை. அதை நேரில்தான் பேச முடியும்.

இனி உனக்கு வியாழக்கிழமைகளில் சபை இல்லை. வியாழக்கிழமை வா. அறையில் ஒரே கட்டில்தான். நீ சுவரோரமாகப் படுத்துக்கொள்.

அவுஸ்மா