முகமும் வாலும்

பிப்ரவரி 6

முகாம் தண்ணீர்த் தொட்டியில் மறுபடியும் காக்கை செத்துக் கிடந்தது. தொட்டியைக் கழுவி முடிக்க மதியம் ஆகிவிட்டது. காலையில் கரை நடந்ததில் ஓர் ஆமைத் தடம் கண்ணில் பட்டது. முட்டைகளை எடுத்து வந்து பொரிப்பகத்து மணலில் புதைத்தேன். வனத்துறைக் காப்பகத்தில் வேலை என்றால் ஜீப்பில் புலி பார்த்துக்கொண்டு போவது என்று ஊரில் அம்மா நினைத்திருந்தாள். இப்போது விவரம் தெரிந்துவிட்டது. "ஆமைக்குப் பேறுகாலம் பாக்கவா அம்புட்டுப் படிப்பு படிச்ச?" என்கிறாள்.

சாயங்காலம் வேம்பாரில் மீனவர் கூட்டம். காப்பகத்தின் சார்பில் நான்தான் பேச வேண்டும். பேச வாயெடுக்கும் முன்பே அற்புதமணி எழுந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அவர் வலையில் ஆமை சிக்கியிருக்கிறது. வலையை அறுத்து விட்டிருக்கிறார். விட்டதற்குப் படம் இல்லை என்று அலுவலகத்தில் அறுத்த வலைக்கு ஈடாக அவருக்குப் புது வலை கொடுக்கவில்லை. "ஒங்க ஆபீசுக்கு அந்த ஆமையே வந்து சாட்சி சொல்லணுமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்று இருந்தது.

அதனால் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இனி எது சிக்கினாலும் முதலில் எனக்குப் போன், அடுத்து வீடியோ, அதற்குப் பிறகுதான் கத்தி. முகமும் வாலும் தெளிவாகத் தெரிந்தால் ஒருவரும் கேள்வி கேட்க முடியாது. இதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கியாயிற்று. மீனவர்களும் இருக்கிறார்கள், அலுவலகத்து ஆட்களும் இருக்கிறார்கள்.

திரும்பும்போது பிளாரன்ஸ் அக்கா தூக்குச்சட்டியில் சாளை மீன் குழம்பு தந்தாள். அற்புதமணியின் அக்கா, அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகும் ஜீவமணி அண்ணனின் மனைவி. வயல்காட்டு ஊரிலிருந்து இந்தக் கரைக்கு வந்து நான் இளைக்காமல் இருப்பதற்கு அவள்தான் காரணம். "தம்பி பேசுனத மனசுல வச்சுக்காதளா" என்றாள். குழம்பைப் பார்த்த பிறகு எதை மனசில் வைப்பது?

பிப்ரவரி 11

ரேஞ்சர் பாலகணேஷ் சார் போன் செய்தார். நிரந்தர வேலைக்கான பட்டியலில் என் பெயரும் போயிருக்கிறதாம். "உன் முகாம்ல இருந்து நல்ல செய்தி ஒண்ணு பேப்பர்ல வந்தா இன்னும் வசதியா இருக்கும் வடிவு" என்றார்.

பிளாரன்ஸ் அக்காவிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட அவள்தான் குதித்தாள். அந்தோணியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். எனக்காக.

பிப்ரவரி 17

எழுதிவிட வேண்டும். இதில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே?

காலையில் பொரிப்பகத்தில் இருந்தேன். ஜீவமணி அண்ணன் கடலிலிருந்து போன் போட்டார். "வடிவு, திருக்கை வலையில கடல்பசு ஒண்ணு மாட்டிக்கிட்டு. உசுரோட கெடக்கு. பெரிய உருப்படி."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஐயோ பாவம் என்றுகூட வரவில்லை. இங்கே கடல்பசுவைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். என் முகாம் எல்லையில், என் பேச்சைக் கேட்ட ஆட்கள், அதை உயிரோடு விடப்போகிறார்கள். பேப்பரில் படம் வரும், கீழே என் பெயர் வரும் — அதுவரைக்கும் போய்விட்டது புத்தி.

வீடியோ எடுங்கள் என்றேன். அற்புதமணி எடுத்தார். அண்ணன் என் குரல் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். முதுகு மட்டும் தெரிகிறது என்றார். முதுகு போதாது, என்ன பிராணி என்றே தெரியவில்லை என்பார்கள், வாலைக் காட்டுங்கள் என்றேன். வாலில் கயிறு போட்டுத் தூக்கினார்கள். வாலைத் தூக்கினால் தலை தண்ணீருக்குள் போகும். எனக்குத் தெரியாதா? கடல்பசு மீன் இல்லை பிள்ளைகளே, நம்மைப்போல மூச்சு விடுகிற பிராணி, மேலே வந்தால்தான் அதற்கு உயிர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்பவள் நான்தானே?

"வடிவு, அதுக்கு மூச்சு முட்டுது. அறுத்துரட்டா?"

"ஒரு நிமிஷம்ணே. முகம் வரட்டும்."

அதைத்தான் சொன்னேன். அவர் திரும்பக் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன்.

பிறகு தண்ணீர் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அடங்கிட்டு."

கரைக்குக் கொண்டு வாருங்கள், நான் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது — "விட்டுட்டு வந்துருங்கண்ணே. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்." என் வாய்தான் சொன்னது. மாலை அறிக்கையில் விசேஷமாக எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பினேன்.

அற்புதமணி வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் கூட்டத்தில் சொன்னபடியே, ஒழுங்காக. இன்னும் திறக்கவில்லை.

பிப்ரவரி 18

தலைவலி என்று சொல்லிக் கரை நடக்கப் போகவில்லை. தலை வலிக்கவில்லை.

பிப்ரவரி 20

வடக்குக் கரையில் ஒதுங்கிவிட்டது. எல்லாரும் வந்தார்கள். அளப்பதற்கு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். பிடித்தேன். பெண். கண் சின்னது, மாட்டுக் கண் மாதிரி இல்லை. ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்தார். மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "வாலில் கயிற்றுத் தடம் இருக்கு. வலையில தானா மாட்டுனது மாதிரி தெரியல. கட்டிப் புடிச்சிருக்காங்க. வேட்டை."

மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். நானும் மண் தள்ளினேன்.

பிப்ரவரி 22

உடம்பில் ஒட்டியிருந்த வலைத் துண்டை வைத்து ஜீவமணி அண்ணனைப் பிடித்துவிட்டார்கள். அலுவலகத்தில் விசாரணை. முகாம் பொறுப்பாளர் என்று என்னையும் நிற்க வைத்தார்கள்.

"என் வலைதான். நான்தான் கயிறு போட்டேன். விடுறதுக்குத்தான் போட்டேன்."

"விடுறதுக்கு எதுக்கு வாலில் கயிறு?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"யாருக்காவது போன் பண்ணுனியா?"

"இல்ல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் உடைந்து சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். சும்மா. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வள்ளத்தைக் கட்டிப் போட்டுவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கடலுக்குப் போகக் கூடாது. வேட்டை என்று முடிவானால் ஜெயில். பல வருஷம்.

பிப்ரவரி 23

அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிளாரன்ஸ் அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அதுவே தாங்கவில்லை.

அந்த வீடியோவைக் காட்டினால் அண்ணன் அதை விடத்தான் பார்த்தார் என்று தெரிந்துவிடுமே என்று கேட்டேன். எவ்வளவு நல்லவள் நான். அவர்களுக்கு யோசனை சொல்கிறேன்.

"தம்பி போன்ல இருந்து அழிச்சாச்சு" என்றாள் அக்கா. "அதுல ஒன் கொரல் கேக்குல்லா? லிஸ்ட்டுல பேரு போயிருக்க நேரத்துல பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு அவிய அழிக்கச் சொல்லிட்டாவ."

அண்ணன் மூலையில் வலை முடிச்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நீ போயி வேலையப் பாரு வடிவு. நீ போயிட்டன்னா அடுத்து இங்கன வாரவன் எப்படிப்பட்டவனோ" என்றார்.

நான் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்று சொன்னேன். அவர் காதில் விழாத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். மேய்ந்த வேலிக்கு மறைப்பாகப் பயிர் நிற்பதற்கு என்ன பழமொழி?

மார்ச் 8

பிளாரன்ஸ் அக்கா உப்பளத்து வேலைக்குப் போகிறாள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 14

இன்று வீடியோவைத் திறந்து பார்த்தேன். முதல் தடவை. அது கடைசியில் ஒருமுறை முதுகை வளைத்து உந்துகிறது. அதன் மேல்தான் என் குரல் விழுகிறது. "ஒரு நிமிஷம்ணே." இனிமையான குரல் என்று பள்ளிக்கூடங்களில் சொல்வார்கள்.

பஸ் ஏறித் தூத்துக்குடி போய் பாலகணேஷ் சாரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இதை நான் பார்க்கல" என்றார். "அடுத்த மாசம் லிஸ்ட் வருது. அந்த ஆளுக்கு நான் பார்த்துச் சின்ன வழக்கா முடிச்சு விடறேன். நீ சின்னப் பொண்ணு. போயிட்டு வா."

கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்துச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 15

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 24

சின்ன வழக்காக ஒன்றும் முடியவில்லை. மேலே இருந்து கேட்கிறார்களாம். கோர்ட்டுக்குப் போகும் என்று அற்புதமணி சொன்னார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அவர் கேலி பேசுவதில்லை. "நல்லாருக்கியளா" என்று மரியாதையாகக் கேட்கிறார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டலாம்.

மார்ச் 29

பெரிய வெள்ளி. தெருவில் சிலுவைப்பாதை வந்தது. நான் பெட்டிக்கடை ஓரமாக நின்றேன். கூட்டத்தில் அக்கா வெறுங்காலோடு வந்தாள். குதிகால் இரண்டும் உப்புத் தண்ணீரில் வெடித்து, துணி சுற்றியிருந்தாள். தார் ரோட்டில் நொண்டி நொண்டி நடக்கிறாள். என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டாள்.

இன்று அவர்களுக்கு ஒருசந்தி. அவள் வயிறு காய்ந்து போகிறாள், என்னிடம் கேட்கிறாள்.

முகாமுக்கு வந்து வீடியோவைக் குழுவில் போட்டேன். மீனவர்கள், அலுவலகம், எல்லாரும் இருக்கிற அதே குழு. கீழே எழுதினேன்: "இதில் கேட்பது என் குரல். ஜீவமணி அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். அறுத்துவிட அனுமதி கேட்டார். நிறுத்தி வைத்தது நான். மறைக்கச் சொன்னதும் நான். — அருணாசலவடிவு."

அனுப்பிய பிறகு கை அழிக்கப் போனது. போனை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 30

பாலகணேஷ் சார் போன். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினாள். "மூதி, நாங்க பொத்திப் பொத்தி வச்சத ஊருக்கே வெளிச்சம் போட்டுட்டியே. இப்ப அவியளும் பொய் சொன்னவியன்னு ஆச்சு, ஒனக்கும் வேல இல்லன்னு ஆச்சு. யாருக்குளா நல்லது பண்ணுன?"

எனக்குத்தான் என்று தோன்றியது.

ஏப்ரல் 17

வேட்டை வழக்கு இல்லை என்று ஆகிவிட்டது. மறைத்ததற்கு மட்டும் எச்சரிக்கை. அண்ணனின் வள்ளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். குழுவிலிருந்தும் யாரோ என்னை எடுத்துவிட்டார்கள்.

பொரிப்பகத்தில் கடைசிக் குழியிலிருந்து குஞ்சுகள் வந்தன. புதிதாக வந்திருக்கும் பெண் கடலில் விட்டாள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

அக்கா வீடு பூட்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஜூன் 2

அப்பா நாற்றங்காலுக்கு விதை ஊற வைக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆற்றில் குளிக்கும்போது தலையை முக்கினால், மூச்சு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எண்ணிக்கொண்டு இருக்கிறேன். எனக்குப் பைத்தியம் என்று நினைப்பார்கள்.

ஜூலை 21

களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவும்போது போன் அடித்தது. பிளாரன்ஸ் அக்கா. அன்று வாசலில் நின்று கத்திய பிறகு இதுதான் முதல் தடவை.

"ஏளா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"இன்னைக்குக் காலம்பற ஒண்ணு மாட்டிக்கிட்டு. கடல்பசு. கண்ட ஒடனே ஒங்க அண்ணன் வலைய அறுத்துட்டாவளாம். மேல வந்து ஒரு மூச்சு விட்டுச்சாம், போயிட்டாம்."

"வலை?"

"வலை போச்சு. படமும் எடுக்கல. ஆபீசுக்கும் சொல்லல." பிறகு, "கரைக்கு வந்ததும், வடிவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருன்னு சொன்னாவ" என்றாள்.

போனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னளா, யாரு செத்துட்டா?"

யாரும் சாகவில்லை என்றேன்.