தீவு நம் கையில்தான் இருக்கிறது, மச்சான்

என் அருமை மச்சான் அந்துவானுக்கு,

தீவு நம் கையில்தான் இருக்கிறது. வேறெதையும் சொல்லுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். இன்று காலை வானொலியில் நம் தீவின் பெயரைச் சொன்னார்கள். உன் தங்கை செசில் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ சத்தத்தைக் கூட்டி, தெருவே கேட்கட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டாள்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும், அவ்வளவுதான் அந்தத் தீவு. ஆனால் அதைப் பிடித்தவன் கையில்தான் அந்தப் பக்கத்துக் கப்பல்கள் போகும் கடல்வழி. அதனால்தான் சைகோன் அரசு நம் சிறு படையை அங்கே நிறுத்தியது. அதில் நாம் இருவர் மட்டும், காரைக்கால் அப்பாக்களுக்கும் சைகோன் அம்மாக்களுக்கும் பிறந்தவர்கள்.

அந்நியப் போர்க்கப்பல் வந்து நின்று, தீவைக் காலி செய்யச் சொல்லி ஒலிபெருக்கியில் மிரட்டியது. நம்முடைய ஒரே பீரங்கி உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. நான் ரேடியோவில் உதவி கேட்டேன். நம் கப்பல் வர மறுநாள் ஆகுமாம்.

"நாளைக்கா? அப்ப இன்னிக்கு நாமதான்" என்று சொல்லிவிட்டு, இயந்திரத் துப்பாக்கியோடு கரையோர மணல்மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்தாய்.

குண்டுகள் விழுந்தன. ரேடியோக் கம்பம் சாய்ந்ததும் நானும் உன் பக்கத்தில் வந்து படுத்தேன். பிறகு அந்தக் கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன், நீ தடுத்தாய்.

"இரு மச்சான். பாறைக்குள்ள வரட்டும்."

பவளப்பாறைகளுக்கு நடுவே திரும்ப இடமில்லாமல் படகு திணறியபோது சுட்டாய். உன் தோளில் குண்டு பாய்ந்தது. நான் இழுத்தேன், நீ நகரவில்லை. படகு பின்வாங்கியது. மறுபடி வந்தார்கள், மறுபடியும் விரட்டினாய். சாயங்காலம் கப்பலே போய்விட்டது.

"போயிட்டானுங்களா?"

"போயிட்டானுங்க, மச்சான்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

சிரித்தாய். அந்தச் சிரிப்போடு நம் கப்பல் வரும்வரை தாங்கியிருக்கக் கூடாதா? கப்பலில் மருத்துவர் இருந்தார். இதை நான் வேறு யாரிடம் கேட்பேன்?

உன்னைப் பெட்டியில் வைத்துச் சைகோன் துறைமுகத்தில் இறக்கியபோது கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! நுயென் ஹுவே தெருப் பூக்காரிகள் கடையை அப்படியே போட்டுவிட்டு, கை நிறையப் பூவோடு வந்திருந்தார்கள். நம் குடும்பங்களை எப்போதும் வெளியூர்க்காரர்களாகவே பார்த்த தெருக்காரர்கள் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உன் அப்பா தன் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம் புள்ள எடத்த விட்டு நகரலியே?"

"நகரல மாமா."

நிமிர்ந்து நின்று உனக்கு சல்யூட் வைத்தார். மகனுக்கு அப்பன் வைத்த சல்யூட். அதிகாரிகளும் அவரோடு கையை உயர்த்தினார்கள்.

தீவில் இப்போது புதிய பீரங்கி நிற்கிறது. ஆட்களும் கூடிவிட்டார்கள். அந்தக் கப்பல் ஒருமுறை தொலைவில் தென்பட்டதாம், கிட்டே வரவில்லை. நீ படுத்திருந்த இடத்தில் சிமெண்டுக் காவல்மேடை கட்டுகிறார்கள்.

நானே கேட்டு மறுபடி அங்கே போகிறேன். "உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று செசில் சண்டை போட்டாள். பிறகு அவளே என் சீருடைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

நாளை கப்பல் ஏறுகிறேன். என் முறை முடியும்வரை அந்தக் கரையில் அந்நியன் கால் படாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன்னால் உயிரோடு இருக்கும் மச்சான்,
பிலிப்